கண்ணுக்குத் தெரியாத கதிரும் கடிகாரத்துக்கு மை தீட்டிய பெண்களும்



ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டவர்கள் நம்மில் பலர் உண்டு. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, படம் பிடிப்பவர் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாரே, ஏன்? வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று பெண்களிடம் முன்கூட்டியே கேட்கிறார்களே, அது எதற்காக? இந்தச் சின்னக் கேள்விகளுக்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது. பல பேர் உயிரைக் கொடுத்து நமக்கு வாங்கித் தந்த பாடம் அது.

கதிர் பிறந்த கதை

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், ஜெர்மனி நாட்டு அறிஞர் ரோண்ட்கன் புதுவிதக் கதிர் ஒன்றைக் கண்டார். அது சதையை ஊடுருவி எலும்பைக் காட்டியது. 1898-இல் மேரி கியூரியும் அவர் கணவரும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். உலகமே அதிசயித்தது. கெடுதல் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

அமெரிக்காவில் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, எக்ஸ் கதிரைத் தம் கைகளின்மேலேயே செலுத்திச் சோதனை செய்துவந்தார். கைகளில் ஆறாத புண் வந்தது. அது புற்றாக மாறியது. கைகளை வெட்டியும் பயனில்லை. 1904-இல் இறந்துபோனார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார்.

1906-இல் பெர்கோனியே, திரிபோந்தோ என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் முக்கியமான உண்மை ஒன்றைச் சொன்னார்கள். வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத்தான் கதிர் அதிகமாகத் தாக்குகிறதாம். நம்ம தோட்டத்து நாற்றுமேடையை நினைத்துப் பாருங்கள். கடும் வெயிலை முற்றிய மரம் தாங்கும், இளங்கன்று தாங்குமா? கருவில் வளரும் சிசு, எலும்பு மஜ்ஜை, குடலின் உட்புறம், முடியின் வேர் எல்லாம் அந்த இளங்கன்று மாதிரிதான்.

தூரிகையை உதட்டில் வைத்தவர்கள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்னும் ஊரில், 1917 முதல் இளம்பெண்கள் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த மை தீட்டினார்கள். இருட்டிலும் எண்கள் மின்ன வேண்டுமல்லவா? தூரிகை முனை கூர்மையாக இருக்க, உதட்டில் வைத்து நனைக்கும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். "ஒன்றும் செய்யாது" என்றும் சொன்னார்கள். ஆனால் அதே தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் ஈயத் தகட்டின் மறைவில் வேலை பார்த்தார்கள்!

உள்ளே போன ரேடியத்தை உடம்பு சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து எலும்பில் சேர்த்துக்கொண்டது. ரேடியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1600 ஆண்டுகள் ஆகும். ஆகவே அது இரவும் பகலும் எலும்புக்குள்ளேயே கதிர் வீசிக்கொண்டிருந்தது. பல் விழுந்தது, தாடை எலும்பு அழுகியது, இரத்தம் வற்றியது. 1925-இல் மார்ட்லண்டு என்ற டாக்டர் காரணத்தை நிரூபித்தார்.

கிரேஸ் ஃபிரையர் என்ற பெண் வழக்குப் போட முனைந்தார். வக்கீல் கிடைக்கவே இரண்டு வருடம் ஆயிற்று. 1927-இல் அவரும் வேறு நான்கு பெண்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1928-இல் ஆளுக்கு 10,000 டாலரும், ஆண்டுக்கு 600 டாலரும், வைத்தியச் செலவும் என்று சமரசம் ஆயிற்று. கிரேஸ் 1933-இல் காலமானார். ஆனால் இவர்களைப் போன்ற பெண்களின் உடம்பைச் சோதித்து அறிந்ததைக் கொண்டுதான், 1941-இல் அமெரிக்காவில் ஓர் ஆள் உடம்பில் இருக்கலாகும் ரேடியத்துக்கு உச்ச அளவு வகுத்தார்கள்.

உயிரணுவுக்குள் நடப்பது என்ன?

அதே 1927-இல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முல்லர் என்ற அறிஞர் இன்னொரு உண்மையை வெளியிட்டார். கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்குமே சின்னஞ்சிறு ஈ, அதன்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினார். மரபணு மாற்றங்கள் ஏறக்குறைய 150 மடங்கு கூடின. அவை குஞ்சுகளுக்கும் இறங்கின. 1946-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படின்னா உள்ளே என்னதான் நடக்கிறது? ஒவ்வொரு உயிரணுவிலும் குரோமோசோம் என்னும் இழைகள் உண்டு. மனிதனுக்கு அவை 46 என்று 1956-இல் உறுதி செய்தவர்களில் ஒருவர், நமக்கு அண்டையிலுள்ள ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ. உடம்பு எப்படி வளர வேண்டும் என்ற கட்டளைகள் எல்லாம் இந்த இழைகளில்தான் இருக்கின்றன. இழை, இரண்டு புரி முறுக்கிய கயிறு போன்றது. கதிர் பட்டு ஒரு புரி அறுந்தால், மற்றதைப் பார்த்து உயிரணு சரிசெய்துகொள்ளும். இரண்டும் அறுந்தால்தான் வம்பு. ஒட்டுக்கன்று கட்டும்போது கிளை மாறிப்போனது போல, ஒரு துண்டு வேறோர் இழையில் ஒட்டிக்கொள்ளும், அல்லது தொலைந்துபோகும். அப்படிப்பட்ட உயிரணு இரண்டாகப் பிரியும்போது பங்கு சரியாகப் பிரியாது. பெரும்பாலும் செத்துவிடும். சாகாமல், அடக்கமும் இல்லாமல் பெருகினால், பல வருடம் கழித்துப் புற்றுநோயாகும். 1945-இல் குண்டு விழுந்த ஹிரோஷிமாவில், சில ஆண்டுகளுக்குப் பிறகு இரத்தப் புற்றுநோய் கூடியது இதனால்தான்.

ஆனால் கத்தி கொலையும் செய்யும், கறிகாயும் நறுக்கும். வேகமாகப் பெருகுவது புற்று உயிரணுவும்தானே? அதனால் அளந்து, குறி வைத்து, சிறுகச் சிறுகக் கதிர் கொடுத்து டாக்டர்கள் அதை அழிக்கிறார்கள். நெஞ்சு எக்ஸ்-ரேயின் கதிரும் மிகச் சிறிது. சில நாட்களில் இயற்கையாகவே நம்மேல் படும் அளவுதான். ஆகவே டாக்டர் எடுக்கச் சொன்னால் பயந்து ஓடாதீர்கள். கர்ப்பிணிகள் மட்டும் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டிலும் 1984-இல் அணுசக்தி உரிமமளிப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

உழைப்பாளிகளே! "ஒன்றும் செய்யாது" என்ற ஒரு சொல்லை நம்பித்தான் அந்தப் பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்தார்கள். கதிரானாலும் சரி, நாம் தோட்டத்தில் அடிக்கும் களைக்கொல்லி மருந்தானாலும் சரி, "இது உடம்புக்குக் கெடுதல் செய்யுமா? கையுறை எங்கே?" என்று கேட்பது குற்றமில்லை, அது நம் உரிமை. மாணவச் செல்வங்களே! அப்படிக் கேட்கத் தெரிவதற்கும், பதிலைப் படித்துப் புரிந்துகொள்வதற்கும்தான் விஞ்ஞானம் படிக்கிறோம். இன்று பரிசு பெறும் கைகள் நாளை அறிவின் விளக்கை ஏந்தட்டும்!

வாழ்க கல்வி! வளர்க நம் பள்ளி!