ஹெஞ்ச் என்னும் சொல்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் ஜில்லாவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், சாலிஸ்பரி தேவாலயத்தின் 404 அடிக் கோபுரத்தையும் ஏவ்பரிக் கல்வட்டத்தையும் கண்டு களித்து, ஸ்டோன்ஹெஞ்சை வந்தடைந்ததும், அப்பெயர் ஹெங்கிஸ்ட் என்ற சாக்ஸன் தலைவனால் வந்தது என்னும் கதையைக் கேட்டு, அதையே சரித்திரமென்று நம்பித் திரும்புகிறார்கள். சமாதானம் பேச அழைத்து அவன் வஞ்சகமாய்க் கொன்ற பிரித்தானியப் பிரபுக்களின் ஞாபகார்த்தமாக, மெர்லின் என்னும் மந்திரவாதி அயர்லாந்திலிருந்து இக்கற்களைக் கொணர்ந்தான் என்று 12-ஆம் நூற்றாண்டில் மன்மத் ஜெஃப்ரி எழுதியதே இக்கதைக்கு வித்து. கொலையுண்டவர்களின் சின்னத்துக்குக் கொலைஞன் பெயரையா இடுவார்கள்? ஜெஃப்ரியின் நூலுக்குச் சற்று முன்பே, ஏறத்தாழ 1130-இல், ஹண்டிங்டன் ஹென்றி ‘ஸ்டானெங்கெஸ்’ என்று எழுதிவிட்டார்.

முற்பகுதி கல் என்பதில் விவாதமில்லை. பிற்பகுதி கதவின் கீலைக் குறிக்கும் என்பார் சிலர். கதவு தொங்குவதற்கு இடமாவதே கீல் ஆதலின், அவரும் சுற்றிவளைத்துத் தொங்குதல் என்னும் தாதுவுக்கே வந்து சேருகிறார். அந்தரத்தில் தொங்கும் கல் என்று 1740-இல் ஸ்டூக்லி பொருள் கொண்டார். ஆனால் அங்கே எக்கல்லும் தொங்கவில்லை. உத்திரக்கல் விழுந்துபோன ஒரு நெடுங்கல்லின் உச்சியில், தச்சன் மரத்தில் செதுக்குவது போன்ற குமிழ் இன்றும் துருத்திக்கொண்டு நிற்கிறது. உத்திரத்தில் குடைந்த குழி அதன்மேல் கவிந்து கெட்டியாய் உட்கார்ந்திருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹெங்கென்’ என்பது தூக்குமரத்துக்கும் பெயர். அக்காலத்துத் தூக்குமரமோ, உத்திரம் தாங்கிய இந்நெடுங்கற்களைப் போலவே, இரு கால்களும் குறுக்குவிட்டமும் உடையது. நம் ‘தூக்கு’ம் இவ்வாறே தொங்கவிடுதலிலிருந்து கொலைத்தண்டனைக்கு வந்ததன்றோ?

அக்கற்களின் ‘ஸார்ஸன்’ என்ற பெயரும், அந்நிய மதத்தாரைக் குறித்த ‘ஸாரஸன்’ என்பதன் திரிபாம். தமக்கு முந்தியவர் எவராயினும் அவிசுவாசிகளே என்பது அந்நாட்டுக் குடியானவனின் எண்ணம் போலும்!

1932-இல் கெண்ட்ரிக் என்பார் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பெயரின் வாலை வெட்டி, ‘ஹெஞ்ச்’ என்பதை மண்கரையும் அகழியும் சூழ்ந்த வட்டங்களுக்கெல்லாம் பொதுப்பெயராக்கினார். அவ்வினத்தின் இலக்கணப்படி அகழி கரைக்கு உட்புறம் இருக்க வேண்டும். ஏவ்பரியில் அப்படியே இருக்கிறது, பெயரைக் கொடுத்த ஸ்டோன்ஹெஞ்சிலோ பெரிய கரை அகழிக்கு உள்ளே கிடக்கிறது. பண்டிதர் வகுத்த பொருளைப் பழஞ்சொல்லின்மேல் ஏற்றுவோர் அகழியைத் தோண்டிக்கொண்டிருக்கட்டும். பெயரிட்ட சாக்ஸன் கண்டது வரிசையாய் நின்ற கல் தூக்குமரங்களையே என்பது என் துணிபு.