மைக் யாரைப் பார்த்து நிற்கிறது?

போன வாரம் ராபர்ட் மோசஸை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டு நிறுத்தியிருந்தேன். நாற்பது வருடத்துக்கு மேல் நியூயார்க் நகரத்தைத் தன் வரைபடப்படி வெட்டியும் ஒட்டியும் வந்த மனிதர். 1968 மார்ச்சில் அவர் கையிலிருந்த அதிகாரம் போனது. ஆள் போனால், கீழ் மன்ஹாட்டனின் குறுக்கே அவர் போட நினைத்த பத்துவழிச் சாலையும் போய்விடும் என்றுதானே நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள்?

சாலை போகவில்லை.

ஒரு திட்டத்துக்குக் கோப்பு திறந்து, பணத்துக்கும் வழி பிறந்துவிட்டால், அதைப் பெற்றவர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அது தானாகவே மேசைக்கு மேசை நகரும். இந்தச் சாலைச் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை வாஷிங்டன் தரத் தயாராக இருந்தது. கட்டுமானத் தொழிற்சங்கங்கள் வேலை வரும் என்று காத்திருந்தன. மேயர் ஜான் லின்ட்சே தேர்தலில் நின்றபோது சாலையை எதிர்த்தவர். ஜெயித்து உட்கார்ந்த பிறகு, கொஞ்சம் மாற்றி, ஒரு பகுதியைத் தரைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் என்ன என்று அவர் பக்கத்திலிருந்தே பேச்சு வந்தது.

லின்ட்சேயைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட இரவில் ஹார்லெம் தெருவில் இறங்கி நடந்து, கொதித்து நின்ற மக்களோடு துக்கம் பகிர்ந்துகொண்டவர் அவர். ஆனால் மேயர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் வாஷிங்டன் பணம் பெரிதாகத் தெரிகிறது. ப்ரூம் தெரு சின்னதாகத் தெரிகிறது.

ப்ரூம் தெருவை நினைவிருக்கிறதல்லவா? மேற்கே ஹாலண்ட் சுரங்கப் பாதை. கிழக்கே மன்ஹாட்டன் பாலமும் வில்லியம்ஸ்பர்க் பாலமும். இரண்டுக்கும் நடுவே, ப்ரூம் தெருவையொட்டி, கீழ் மன்ஹாட்டனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாலை போகவேண்டும். சுமார் 2,000 குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யவேண்டும். 800-க்கு மேற்பட்ட கடைகளும் பட்டறைகளும் மூட வேண்டும். அந்தப் பட்டறைகளில் கூலிக்கு நின்றவர்களில் நிறையப் பேர் கருப்பினத்தவர், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். உலகில் முதன்முதலாகப் பயணிகளுக்கு லிஃப்ட் வைத்த ஹாவ்வவுட் கட்டடம்கூட ப்ரூம் தெரு முனையில்தான் நிற்கிறது.

இத்தனையும் நடக்க ஒரே ஒரு சம்பிரதாயம்தான் பாக்கி. கருத்துக் கேட்புக் கூட்டம்.

இங்கே கொஞ்சம் நிதானமாகக் கவனியுங்கள். இன்றைய அத்தியாயத்தின் முடிச்சு இதில்தான் இருக்கிறது. மத்திய அரசு நெடுஞ்சாலைப் பணம் தரவேண்டுமானால், மாநில நெடுஞ்சாலைத் துறை மக்களைக் கூட்டி அவர்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டோம் என்று சான்று தரவேண்டும். கூட்டத்தில் பேசியவை முழுவதையும் எழுத்தில் அனுப்ப வேண்டும். சட்டம் இவ்வளவைக் கேட்டது. மக்கள் வேண்டாம் என்று சொன்னால் சாலையைக் கைவிட வேண்டும் என்று அதில் இல்லை. நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் கத்தியதாகப் பதிவாகும். அந்தப் பதிவு கோப்பில் சேரும். கோப்பு அடுத்த மேசைக்குப் போகும். எதிர்த்துப் பேசியவரின் பேச்சே சாலைக்கு அனுமதிச் சீட்டாகிவிடும்.

இது அந்தக் கூட்டத்துக்குப் போனவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்திருந்தது என்று சொல்ல முடியாது. ஒருவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

1968 ஏப்ரல் 10 மாலை. லோயர் ஈஸ்ட் சைடில் சீவர்ட் பார்க் உயர்நிலைப் பள்ளி அரங்கம். அதற்கு முந்தைய நாள்தான் கிங்கின் இறுதிச் சடங்கு நடந்திருந்தது. நாடு முழுக்க நகரங்கள் எரிந்து அடங்கியிருந்தன. கூட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே போலீஸ்காரர்களுக்குக் கை பரபரத்த வாரம் அது. அரங்கத்துக்கு உள்ளேயும் காவலர்கள் நின்றார்கள்.

மேடையில் மாநில நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகள். அவர்களோடு ஒரு சுருக்கெழுத்தர், முன்னால் அவருடைய இயந்திரம். ஒவ்வொரு வார்த்தையும் ஒடுக்கமான நீளத் தாளில் குறிகளாக விழுந்துகொண்டிருந்தது. கீழே அந்தப் பகுதி மக்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். அதிகாரிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், கேட்பது போல உட்கார்ந்திருந்தார்கள் என்பதே சரி. அவர்களில் யாருக்கும் சாலை வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. மாநிலத் தலைநகர் ஆல்பனியிலிருந்த மேலிடம் அனுப்ப, வந்தவர்கள்.

பேச்சு நீண்டது. பொறுமை தேய்ந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. பிறகு பல குரல்கள். எல்லாம் ஒரே பெயரைத்தான் கூப்பிட்டன.

ஜேன்! எங்களுக்கு ஜேன் வேண்டும்!

ஜேன் ஜேக்கப்ஸ் எழுந்தார். வயது ஐம்பத்தொன்று. குட்டையாக வெட்டிய நரை முடி, தடித்த கண்ணாடி. மூன்று பிள்ளைகளின் தாய். நகரத் திட்டமிடலில் பட்டம் ஏதும் இல்லாமல், அந்தத் துறையையே கலக்கிய புத்தகத்தை 1961-ல் எழுதியவர்.

மைக்கை நோக்கி நடந்த அந்தச் சில அடிகளில் அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? அவருடைய கடந்த காலத்தைப் பார்த்தால் ஊகிக்கலாம். வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் நடுவே சாலை போடவிடாமல் தடுத்தவர்களில் அவர் ஒருவர். தன் சொந்தப் பகுதியான வெஸ்ட் வில்லேஜை இடிக்க வந்த திட்டத்தையும் எதிர்த்து ஜெயித்தார். இதே சாலைக்கு எதிராக, ப்ரூம் தெரு தேவாலயத்துப் பாதிரியார் ஜெரார்ட் லா மவுண்டன் வந்து கூப்பிட்டபோது 1962-ல் களத்தில் இறங்கினார். ஒவ்வொரு முறையும் முறைப்படிதான். மனு, கையெழுத்து, ஊர்வலம், சாட்சியம். அந்த வருடம் டிசம்பரில் மாநகராட்சியின் எஸ்டிமேட் போர்டு இந்தச் சாலையை ஒருமனதாக நிராகரித்தது. ப்ரூம் தெரு கொண்டாடியது.

மூன்றே வருடத்தில் சாலை மறுபடி எழுந்து வந்தது. அதுவும் முறைப்படிதான்!

முறைப்படி ஜெயித்ததை முறைப்படியே திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றால், இன்னொரு முறை நல்ல பேச்சுப் பேசி என்ன பயன்? இந்தக் கேள்விதான் அவரை அன்றைக்கு வேறு ஆளாக்கியது என்று நான் நினைக்கிறேன். கோபத்தில் தன்னை மறந்து அவர் மேடை ஏறினார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய முதல் பேச்சே அதற்குச் சாட்சி.

அவர் சாலையைப் பற்றி ஆரம்பிக்கவில்லை. மைக்கைப் பற்றி ஆரம்பித்தார்.

மைக்கை வைத்திருந்த விதத்தைப் பாருங்கள் என்றார். பேசுபவர் மக்களைப் பார்த்தபடி, அதிகாரிகளுக்கு முதுகைக் காட்டிப் பேசும்படி அது வைக்கப்பட்டிருந்தது. கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் அதிகாரிகளிடம் அல்லவா பேசவேண்டும்?

தலைமை வகித்த பொறியாளருக்குச் சங்கடமாகிவிட்டது. இறங்கி வந்து மைக்கை மேடைப் பக்கம் திருப்பி வைத்தார்.

ஜேன் நன்றி சொன்னார். நண்பர்களிடம் பேசுவதையே விரும்புகிறேன் என்றார். சாயங்காலம் முழுக்க எங்களுக்குள்தானே பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். மக்களைப் பார்த்தே பேசினார்.

அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

நாடு இருக்கும் இந்த நிலையில், இரண்டாயிரம் குடும்பங்களின் வீடுகளை இடிக்க எந்த நிர்வாகத்துக்கு மனம் வரும் என்று கேட்டார். வேலையில்லாதவர்கள் தெருத் தெருவாக நிற்கும் ஊரில், சிறுபான்மையினருக்குச் சோறு போடும் ஆயிரக்கணக்கான வேலைகளை அழிக்க யார் யோசிப்பார்கள் என்று கேட்டார். அதன் பிறகு அதிகாரிகளைப் பற்றிப் பேசினார். இவர்கள் வெறும் தூதர்கள். முடிவெடுக்க முடியாதவர்கள். நாம் சொல்வதைச் செவிமடுக்காத தூதர்களிடம் வார்த்தையைக் கொடுத்து அனுப்பிப் பயனில்லை. வேறு செய்தி ஒன்றை அனுப்புவோம். எல்லோரும் அமைதியாக மேடையில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவோம்.

சொல்லிவிட்டு அவரே முன்னால் நடந்தார்.

சுமார் ஐம்பது பேர் பின்னால் வந்தார்கள்.

பொறியாளர் மேடைக்கு வரக் கூடாது என்று தடுத்தார். காவலர்களைக் கூப்பிட்டார். இவர்களோ ஏறிவிட்டார்கள். சுருக்கெழுத்தர் மிரண்டுபோனார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஐம்பது பேர் திடீரென்று மேடை ஏறினால் யாருக்குத்தான் பயம் வராது? இயந்திரத்தை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். தாள் நழுவி அவிழ்ந்து மேடை முழுக்கப் பரவியது. காலில் மிதிபட்டது. சிலர் அதை அள்ளிக் காற்றில் வீசினார்கள்.

சாயங்காலம் முழுக்கப் பேசிய பேச்சு அது.

ஜேன் அந்தத் தாளைப் பார்த்தார்.

இந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் இந்த அத்தியாயத்தையே எழுதுகிறேன். மற்ற எவருக்கும் அது சிதறிக் கிடக்கும் காகிதம். சட்டத்தைப் படித்திருந்த பெண்ணுக்கு அது வேறு. மறுபடி மைக்குக்கு வந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். பதிவு போய்விட்டது. பதிவு இல்லை என்றால் கூட்டம் நடக்கவே இல்லை. இந்தப் போலிக் கூட்டம் முடிந்தது!

ஓர் அரசுப் பதிவு கிழிவது சின்னக் காரியம் கிடையாது. நாளைக்கு இதே வேலையை வேறொரு கும்பல் வேறொரு காரணத்துக்காகச் செய்தால் ஒப்புக்கொள்வீர்களா என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். மாட்டேன். ஆனாலும் கேட்காமலே கேட்டதாகக் கையெழுத்துப் போடும் கூட்டத்துக்குத் தங்கள் குரலை மக்கள் ஏன் தானம் செய்யவேண்டும்? அன்றைக்கு ப்ரூம் தெரு தன் குரலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நான் ஜேன் பக்கம்தான்.

ஒரு போலீஸ் அதிகாரி அவரருகில் வந்தார். நீங்கள் கைது என்றார்.

ஜேனுக்குக் கைது புதிதில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் வியட்நாம் போருக்கு ஆள் சேர்ப்பதை எதிர்த்து உட்கார்ந்து கைதாகியிருந்தார். தகராறு செய்யாமல் கூடவே நடந்தார். காவல் நிலையத்தில் அவர்மீது பொது ஒழுங்கைக் குலைத்ததாக ஒரு சிறு குற்றம் பதிவானது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தோடு முடிந்தது என்று நண்பர்கள் மூச்சுவிட்டார்கள்.

முடியவில்லை.

சில நாளில் நீதிமன்றத்துக்குப் போனபோது குற்றப் பட்டியல் வளர்ந்திருந்தது. கலவரம் செய்தது. கலவரத்தைத் தூண்டியது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியது. அரசுப் பணியைத் தடுத்தது. சுருக்கெழுத்து இயந்திரத்தை இவர்கள்தான் சேதப்படுத்தினார்கள் என்றது அரசுத் தரப்பு. பயந்துபோன சுருக்கெழுத்தரே தூக்கியதில்தான் தாள் அவிழ்ந்தது என்றார் ஜேன். ஒரு மைக் முன்னால் பேசியதற்கும் ஒரு மேடையைக் கடந்ததற்கும் இப்போது சிறைக் கதவு வரை பேச்சு வந்துவிட்டது.

இன்னொரு விஷயம். ஹட்சன் தெரு 555-ஆம் எண் வீட்டுக்குள் இந்த வழக்கைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இரண்டு மகன்களும் ராணுவத்துக்கு அழைப்பு வரும் வயதில் நின்றார்கள். போருக்குப் போவதைவிடச் சிறைக்குப் போகிறோம் என்பது பிள்ளைகளின் முடிவு. அப்பாவும் அம்மாவும் எல்லை தாண்டி டொரண்டோவுக்குக் குடிபெயர்வதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

நினைத்துப் பாருங்கள். சாலை இன்னும் சாகவில்லை. தலைவிக்கு ஒரு பக்கம் நீதிமன்றம், மறுபக்கம் கனடா. மாநகராட்சியில் கடைசி வார்த்தை எஸ்டிமேட் போர்டின் எட்டுப் பேருடையது: மேயர், கணக்குத் துறைத் தலைவர், மாநகர மன்றத் தலைவர், ஐந்து பரோ தலைவர்கள். ஒரு முறை வேண்டாம் என்று சொன்ன போர்டு அது.

இந்த முறை என்ன சொல்லப்போகிறது? ஜேன் ஊரில் இல்லாமலே ப்ரூம் தெரு போராடியதா? அடுத்த வாரம் அந்த எட்டுப் பேரின் அறைக்குள் போகிறோம். தவறாமல் வந்துவிடுங்கள்.