டெவில்ஸ் ஹோல் மீன் கணக்கெடுப்பு

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் உள்ள டெவில்ஸ் ஹோல், சுண்ணாம்புப் பாறைக் குகைக்குள் அமைந்த வெந்நீர்ச் சுனை. ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுள்ள ஒருவகைப் பப்ஃபிஷ் மீனுக்கு இயற்கையில் இதைத் தவிர வேறு வாழிடம் இல்லை. 1967இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக இம்மீன் அறிவிக்கப்பட்டது.

1972 முதல் வலை வீசாமல், கண்ணால் பார்த்தே மீன்களை எண்ணி வருகின்றனர். ஆழத்தில் இருப்பவற்றை முக்குளிப்போர் எண்ணுவர். மீன்கள் இரை தேடி முட்டையிடும் ஆழமற்ற பாறைத்திட்டில் கால் வைக்காமல், மேலிருந்தே எண்ணுவர்.

இவ்வளவு கவனத்துக்கும் நடுவே, கெடுதல் கரையிலிருந்து வந்தது. 2004 செப்டம்பரில் பெய்த மழையின் திடீர் வெள்ளம், ஆய்வுக்காகக் கட்டாமல் வைத்திருந்த மீன்பொறிகளைச் சுனைக்குள் அடித்துச் சென்றது. அவற்றில் சிக்கி ஏறத்தாழ 80 மீன்கள் இறந்தன. சரிவு 1990களிலேயே தொடங்கியிருந்ததால், பழி முழுவதையும் பொறிகள்மேல் போட முடியாது. 2006 வசந்தகாலத்தில் எண்ணியபோது 38 மீன்களே இருந்தன, 2013இல் 35.