விழ இடமில்லாத படுக்கை

தவழத் தொடங்கிய பிள்ளையைக் கட்டிலில் படுக்கவைத்த வீட்டில் இரவு முழுக்க யாருடைய காதாவது விழித்தே இருக்கும். கட்டிலைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுவார்கள். மறுபக்கம் தலையணைகளை அடுக்குவார்கள். விழுந்தாலும் அடிபடக் கூடாதென்று தரையில் ஜமுக்காளத்தை மடித்துப் போடுவார்கள். வசதியிருந்தால் கம்பிச் சட்டத்தில் வலைத்துணி கோத்த தடுப்பை வாங்கி மெத்தையின் ஓரத்தில் மாட்டுவார்கள். பிள்ளை வளர்ப்போடு கூடப் பிறந்த கவலை இது என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்கு இந்தக் கவலை வந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு மேல் ஆகவில்லை. முன்பும் பிள்ளைகள் தூக்கத்தில் உருண்டார்கள். படுக்கை தரையில் இருந்ததால் விழ இடமில்லை, அவ்வளவுதான். ஆகவே பிள்ளை இரவில் விழும் வரலாற்றைப் படுக்கை உயர்ந்த வரலாறாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் படித்தால் ஒன்று தெளிவாகும். யாரும் திட்டமிடாமல் ஒரு வழக்கத்தோடு ஒட்டிக் கிடைத்த பாதுகாப்பு, அந்த வழக்கம் போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் கூடவே போய்விடுகிறது. அதன் இடத்தில் நாம் செய்துவைக்கும் பாதுகாப்போ தனக்கென்று ஓர் ஆபத்தையும் கொண்டுவருகிறது.

கட்டில் தமிழருக்குப் புதிதில்லை. சங்க இலக்கியத்தில் அது மரியாதைக்குரிய பொருளாகவே வருகிறது. அரசன் அமர்வது அரசுகட்டில். வீரமுரசு வைக்கப்படுவது முரசுகட்டில். முரசுகட்டிலில் தெரியாமல் படுத்து உறங்கிவிட்ட புலவர் மோசிகீரனாரைத் தண்டிக்காமல் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசிய செய்தி புறநானூற்றின் 50ஆம் பாட்டில் இருக்கிறது. நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு நாற்பது வயது யானையின் தந்தத்தைச் சொல்லி, அந்த வேலைப்பாட்டை அடுக்கடுக்காக வருணிக்கிறார். இவ்வளவு வருணனை பெறும் பொருள் வீட்டுக்கு வீடு கிடந்த பொருளாக இருந்திருக்க முடியாது. பிற்காலத்திலும் கயிற்றுக் கட்டில் திண்ணையிலோ வாசலிலோ பெரியவர்களுக்காகக் கிடந்தது. கூடத்தில் பெண்களும் பிள்ளைகளும் படுத்தது பாயில். தாமிரபரணிக் கரையின் கோரையை நெய்து பத்தமடை பேர் வாங்கியது. மெல்லிய பாய் கல்யாணச் சீருக்குப் போயிற்று, முரட்டுப் பாய் அன்றாடப் படுக்கைக்கு வந்தது. இரண்டிலும் ஒரு பண்பு பொது: பாயின் உயரம் விரல் கனம்கூடக் கிடையாது. அதிலிருந்து உருண்டு போகும் பிள்ளை சில்லென்ற தரையில் கிடந்து சிணுங்கும். தாய் எட்டி இழுத்துக்கொள்வாள்.

பாயில் விடுவதற்கு முன் கைக்குழந்தைக்குத் தூளி இருந்தது. சில ஊர்களில் அதை ஏணை என்பார்கள். பழம்புடவை ஒன்றை உத்திரத்து வளையத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும். குழந்தையின் எடையே துணியைக் கீழே இழுக்கும். இரண்டு பக்கமும் துணி உயர்ந்து நிற்கும். குழந்தை நடுவில் பள்ளத்தில் கிடக்கும். மரத்தொட்டிலுக்குச் சுவரைத் தச்சர் செய்து தர வேண்டும், தூளிக்கோ உள்ளே கிடக்கும் பாரமே சுவரை உண்டாக்கிவிடுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காலக்கெடுவும் இருந்தது. குழந்தை எழுந்து உட்காரப் பழகியதும் எடை ஒரு பக்கம் சாயும், துணி புரளும். அதன் பிறகு தூளி ஆபத்து என்பதால் பிள்ளை பாய்க்கு மாறும். பிள்ளைத்தமிழின் வரிசையை வைத்துப் பார்த்தாலும் இது பொருந்துகிறது. செங்கீரைக்கு அடுத்துத் தால், அதாவது தாலாட்டின் பருவம். அதற்கு அடுத்து உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி. உட்கார்ந்து விளையாடும் பருவம் வரும்போது பாட்டும் தொட்டிலை விட்டு நகர்கிறது. இலக்கிய மரபை வீட்டு நடைமுறையின் பதிவேடாகக் கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் குழந்தை வளரும் முறையை உற்றுப் பார்த்தவர்கள் அமைத்த வரிசை அது.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும், நியாயமான எதிர்ப்பு. பாயில் படுத்ததை முன்னோரின் அறிவு என்று கொண்டாடலாமா? கட்டில் வாங்கக் காசில்லாதவர்கள்தானே தரையில் படுத்தார்கள்? ஒரே கூடத்தில் பகலில் நெல் காய்ந்தது, சாப்பாட்டுப் பந்தி நடந்தது, இரவில் பத்துப் பேர் படுத்தார்கள். காலையில் சுருட்டி மூலையில் சாத்தக்கூடிய படுக்கைதான் அங்கே செல்லுபடியாகும். வெக்கை மிகுந்த ஊரில் தரையின் குளிர்ச்சியும் ஒரு காரணம். காசு, இடம், வெயில் ஆகிய மூன்றும் பாயைத் தேர்ந்தெடுத்தன. பிள்ளை விழாதிருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கணக்கில் இருந்ததற்குச் சான்றில்லை. எதிர்ப்பாளர் சொல்வதை முழுதாக ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இந்த ஒப்புதல் என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. வேறு காரணத்துக்காக வந்த வழக்கம் பிள்ளையையும் காத்தது. காக்கிறது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அதனால்தான் காசு வந்து, அறைகள் பிரிந்து, மின்விசிறி சுழலத் தொடங்கிக் கட்டில் உள்ளே வந்தபோது, என்னத்தை இழக்கிறோம் என்று எவரும் கேட்கவில்லை.

ஐரோப்பாவின் கதை வேறு திசையில் போனது. அங்கே தரை குளிர்ந்தது, கதவிடுக்குக் காற்று தரையோடு வீசியது, எலியும் ஈரமும் இருந்தன. படுக்கையைக் கால்வைத்து உயர்த்த வேண்டியிருந்தது. உயர்த்தியவர்கள் பிள்ளையை வேறு வகையில் காத்தார்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையால் புதையுண்ட ஹெர்குலேனியத்தில், கரியாகிப்போன மரத்தொட்டில் ஒன்று குழந்தையின் எலும்புகளோடு கிடைத்தது; ஆட்டுவதற்கு வளைந்த அடிக்கட்டை வைத்த தொட்டில் அது. அடுத்த நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த மருத்துவர் சொரேனஸ், பிறந்த குழந்தையைத் துணிப்பட்டையால் சுற்றிக் கட்டும் முறையை விரிவாக எழுதினார். செவிலி தூக்கத்தில் புரண்டு நசுக்கிவிடக்கூடும் என்பதால் அவளோடு ஒரே படுக்கையில் படுக்கவைக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார். அதற்குப் பின் பல நூற்றாண்டுகள் துணிக்கட்டே ஐரோப்பியக் குழந்தையின் வேலியாக இருந்தது; கையும் காலும் கட்டுண்ட குழந்தை எங்கே உருளும்? 1748இல் மருத்துவர் வில்லியம் கடோகனும், 1762இல் எமில் நூலில் ரூசோவும் இந்தக் கட்டைக் கண்டித்தார்கள். கட்டு மெல்ல அவிழ்ந்தது. அவிழ்ந்த குழந்தைக்கு வேறு காவல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் உயர்ந்த கால்களும் நாற்புறமும் கம்பிகளும் வைத்த குழந்தைக் கட்டில் பரவியதற்குத் தனிப் பிள்ளையறை, சுத்தம் பற்றிய புதுக் கவலை, மலிவான இரும்பு என்று பல காரணங்கள் உண்டு. அவற்றோடு கட்டு அவிழ்ந்ததையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பிள்ளையின் உடம்பில் இருந்த கட்டு இப்போது படுக்கையைச் சுற்றி நின்றது.

அந்த வேலி தன் பங்குக்குப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. கம்பிகளின் இடைவெளி அகலமாக இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். அமெரிக்க அரசு 1973இல் விதி வகுத்து, இரண்டு கம்பிகளுக்கு நடுவே 2 3/8 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 6 சென்டிமீட்டருக்கு, மேல் இருக்கக் கூடாதென்றது. குனிந்து தூக்கும் தாயின் முதுகுக்கு உதவியாக ஒரு பக்கச் சட்டத்தைக் கீழே இறக்கும் வசதி வந்தது. நாளடைவில் அதன் கொக்கிகள் தளர்ந்து, சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே பிளவு விழுந்தது. 2000க்குப் பிறகான பத்தாண்டில் மட்டும் குறைந்தது 32 குழந்தைகளின் சாவோடு இந்த இறங்கு சட்டம் தொடர்புபடுத்தப்பட்டது. 2011 ஜூனில் அவ்வகைக் கட்டில் விற்பனையே அமெரிக்காவில் தடை செய்யப்பட்டது. பெரியவர் கட்டிலில் மாட்டும் தடுப்புக்கும் 2012இல் கட்டாய விதி வந்தது. மெத்தை அழுந்தும்போது தடுப்புக்கும் அதற்கும் நடுவே பிளவு திறக்கும். குழந்தை அதில் நழுவினால் தரைக்குப் போகாமல் நடுவிலேயே சிக்கி மூச்சுத் திணறும். அதனால்தான் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தடுப்பு கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. சுவரோரம் தள்ளிய கட்டிலிலும் இதே பிளவு உண்டு. தலையணை அடுக்கு இன்னும் மோசம். கைக்குழந்தையின் முகம் அதில் புதைந்துவிடலாம். விழுவதால் வரும் வீக்கத்துக்கு அஞ்சி, அதைவிடக் கொடிய ஆபத்தைப் படுக்கையிலேயே வைத்துவிடுகிறோம்.

மேற்கிலேயே ஒருவர் இதை வேறு கோணத்தில் கண்டார். மரியா மாண்டிசோரி 1936இல் வெளியான குழந்தைப் பருவ இரகசியம் பற்றிய நூலில் கம்பிக் கட்டிலைக் கூண்டோடு ஒப்பிட்டுக் குறைகூறி, தரையை ஒட்டிய தாழ்ந்த படுக்கை வேண்டும் என்றார். விழாமலிருப்பது அவருக்கு முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. தூக்கம் வந்தால் தானே போய்ப் படுக்கவும் விழித்தால் தானே எழுந்து வரவும் பிள்ளைக்கு உரிமை வேண்டும் என்பதே அவர் வாதம். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். பாயில் படுத்த பிள்ளைகளின் நாட்டுக்கு, தாழ்ந்த படுக்கையை எழுதி வாதாடியவர் வந்திருக்கிறார். இன்று அவர் பெயரைச் சொல்லி விற்கப்படும் தரைக்கட்டில் நகரத்து வீடுகளுக்குள் வருகிறது. எழுதிவைத்த கருத்துக்குக் கடைக்காரர் விலை போட முடிகிறது. பாய்க்கு அப்படி எழுதிவைக்க யாருமில்லை.

தரைக்கு எதிராகச் சொல்ல நிறையவே உண்டு. அவற்றில் வலுவானது பாம்பு. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் ஊர்ந்து வரும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதற்குப் பலியானவர்கள் பெரும்பாலும் தரையில் படுத்த ஏழைகள். தரையில் படுப்பதைத் தவிர்க்கவும், கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளவும் உலக சுகாதார நிறுவனம் அறிவுரை சொல்கிறது. வயலை ஒட்டிய வீட்டில், மண்தரையில் கட்டில் உயிர்காப்பது. அங்கே பாயைப் பரிந்துரைப்பது தவறு. இரண்டாவது எதிர்ப்பு, பக்கத்தில் படுத்தவர் புரண்டு நசுக்குவது. சொரேனஸ் சொன்ன இந்த அச்சம் ஐரோப்பாவில் ஓயவில்லை; செவிலி மேலே சாயாதபடி குழந்தைக்கு மேல் வளைவாக நிற்கும் மரச்சட்டம் ஒன்று ஃப்ளோரன்ஸில் புழங்கியதை 1730களில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் பதிவு செய்தது. கைக்குழந்தை பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனியான, கெட்டியான, சமதளப் படுக்கையில் தூங்குவதே நல்லது என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. கெட்டியான சமதளம் என்ற பாதியைப் பாய் நிறைவேற்றுகிறது. தனிப் படுக்கை என்ற மற்றப் பாதிக்குத் தாய்க்கு ஒரு பாயும் பிள்ளைக்கு ஒரு பாயும் விரிக்க வேண்டும். மூன்றாவது, தூளி. அதன் வளைவில் கைக்குழந்தையின் தாடை மார்பில் அழுந்தினால் மூச்சு தடைபடலாம். வளர்ந்த பிள்ளைகள் அதைச் சுழற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்ததையும் இந்திய மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. ஆள் பார்த்திருக்கப் பகலில் ஆட்டித் தூங்கவைக்கும் சாதனமாகவே தூளியைக் கொள்ளலாம். இரவு முழுவதற்கும் அது உகந்ததென்று வாதாட மாட்டேன்.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் வரலாறு ஒரு வரிசையைத் தருகிறது. பிள்ளை விழாதிருக்க மனிதர் கண்ட வழிகள் மூன்று: பிள்ளையைக் கட்டிவைப்பது, படுக்கைக்கு வேலி போடுவது, படுக்கையைத் தாழ்த்துவது. முதல் வழி பிள்ளையின் உடலைக் கேட்டது; அதை உலகம் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. இரண்டாவது வழி ஒவ்வொரு தலைமுறையிலும் புது விதி, புது அளவு, புதுத் தடை என்று திருத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது தேவைப்படும் இடங்களில் அந்த அளவுகளை எழுத்துக்கு எழுத்து மதித்தாக வேண்டும். மூன்றாவது வழி மட்டுமே விழுவதற்கான உயரத்தையே எடுத்துவிடுகிறது. சிமெண்டுத் தரையும், கதவிடுக்கு அடைத்த அறையும், செருகிய கொசுவலையும் உள்ள இன்றைய நகரத்து வீட்டில், தரைக்கு எதிரான பழைய காரணங்களில் பெரும்பகுதி இல்லை. தாத்தா காலத்தில் வேறு வழியில்லாமல் விரித்த பாயை, வழிகள் பல இருக்கும் நாம் தேர்ந்தெடுத்து விரிக்கலாம். தவழும் வயதிலிருந்து கட்டிலில் தானே ஏறி இறங்கும் வயது வரை, வேலி வாங்கும் முன் கட்டிலின் கால்களைக் கழற்றி மெத்தையைத் தரையில் இறக்க முடியுமா என்று கேட்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.