ஹூக்ளிக் கரையில் வழிபாட்டு மொழி

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலம் செல்லும் குடும்பத்தில் அலுவலக மொழி முதல் மாதத்திலேயே மாறிவிடுகிறது. கடைவீதி மொழி ஓராண்டிற்குள் மாறுகிறது. குழந்தைகள் தெருவில் விளையாடும் மொழி எப்போது மாறியது என்பதைப் பெற்றோர் அறிவதேயில்லை. நெடுநாள் மாறாது நிற்பது, மாலையில் விளக்கேற்றியபின் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வழிபாட்டின் மொழியே. அதுவும் மாறும் நாள் வரும்போது அக்குடும்பம் எதனை இழக்கிறது, எதனைப் பெறுகிறது? இக்கேள்வியை நானூறு ஆண்டுகளாக எதிர்நோக்கிவரும் சமூகம் ஒன்று வங்க நாட்டில் உண்டு. கொல்கத்தாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த கத்தோலிக்கரையே குறிப்பிடுகிறோம். அவர்களுடைய வரலாற்றில் தமிழகத்துக்கும் பங்குண்டு என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தியாகும்.

ஆங்கிலேயர் வந்து 1690-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் குடியேறுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, ஆற்றின் மேற்பகுதியில் ஹூக்ளி என்னும் ஊரில் போர்த்துகீசிய வணிகர் நிலைபெற்றிருந்தனர். அக்பர் காலத்தில் கிடைத்த உரிமை அது. அவர்களுக்கு அடுத்துவந்த அகஸ்தீனார் சபைத் துறவிகள் 1599-இல் பாண்டெல் என்னுமிடத்தில் செபமாலை மாதாவுக்கு ஆலயம் அமைத்தனர். பாண்டெல் என்னும் பெயர், துறைமுகத்தைக் குறிக்கும் 'பந்தர்' என்ற சொல்லின் திரிபு என்பர். பதிற்றுப்பத்தில் பந்தர் என்றொரு பட்டினத்தின் பெயர் வருவதைத் தமிழ் படித்தோர் நினைவு கூர்வர். இரண்டிற்கும் உறவுண்டா என்பதை மொழிநூலார்க்கே விட்டுவிடுவோம்.

1632-இல் ஷாஜஹான் சக்கரவர்த்தியின் படை ஹூக்ளியை முற்றுகையிட்டுப் பிடித்தது. ஆலயம் அழிந்தது; சிறைப்பட்டோர் ஆக்ரா நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். முற்றுகையின்போது மாதாவின் சுரூபத்தைக் காப்பாற்ற முயன்ற வணிகன் ஒருவன் அதனுடன் ஆற்றில் மூழ்கினான் என்றும், பின்னாளில் ஓரிரவு அச்சுரூபம் கரையில் வந்து சேர்ந்தது என்றும் ஐதிகம் கூறுகிறது. 1660-இல் ஆலயம் மீண்டும் எழுந்தது. பழைய கோவிலின் 1599 என்று பொறித்த கல் புதிய கட்டடத்தில் வைத்துக் காக்கப்பட்டது. புயலில் தப்பிய கப்பல் தலைவன் ஒருவன் நேர்த்திக் கடனாகத் தன் பாய்மரத்தையே அங்கு நட்டான் என்பதும் வழிவழிச் செய்தி. இதனைக் கேட்கும் தமிழருக்கு வேளாங்கண்ணி நினைவு வராமற் போகாது. அங்கும் புயல், அங்கும் போர்த்துகீசிய மாலுமிகள், அங்கும் நேர்த்திக் கடனாக எழுந்த கோவில். வேளாங்கண்ணி ஆலயம் 1962-இலும் பாண்டெல் ஆலயம் 1988-இலும் 'பசிலிக்கா' என்னும் சிறப்பைப் பெற்றன.

இவ்வொற்றுமை தற்செயலாக அமைந்ததன்று. ஒரே கடல்வழியில் வந்த ஒரே மக்களின் பக்தி இரு கரைகளிலும் வேரூன்றியது. அன்றியும், ஆட்சி முறையிலும் இவ்விரு கரைகளும் ஒன்றாகவே கட்டுண்டிருந்தன. 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் நிறுவப்பட்டபோது சோழமண்டலக் கரை மட்டுமன்றி வங்கமும் அதனுள் அடங்கிற்று. ஹூக்ளியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த குருவும், அதற்கப்பாலுள்ள டாக்கா நாட்டுச் சிற்றூர்களில் திருப்பலி நிறைவேற்றிய குருவும் சாந்தோம் கடற்கரையிலிருந்த மேற்றிராணியாருக்கு அடங்கியவர்கள். இன்று கொல்கத்தாவில் வாழும் சென்னைவாசிக்கு இது வியப்பளிக்கலாம். அவர் தம்மை அந்நியர் என்று எண்ணிக்கொண்டு நுழையும் ஆலயங்கள் சில, ஒருகாலத்தில் மயிலையின் பங்குகளாக இருந்தவை.

இனி மொழிக்கு வருவோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பகுதியில் சற்று நீண்ட நேரம் நிற்க விருப்பம்.

போர்த்துகீசியர் தம் மொழியிலும் லத்தீனிலும் செபித்தனர். ஆயின் அவர்களைச் சூழ்ந்திருந்த வங்க மக்களுக்கு எம்மொழியில் ஞானோபதேசம் கற்பிப்பது? 17-ஆம் நூற்றாண்டில் பூஷணா என்னும் சிற்றரசைச் சேர்ந்த அரசிளங்குமரன் ஒருவன் கடற்கொள்ளையரிடம் அகப்பட்டு அடிமையாக விற்கப்பட்டான். அகஸ்தீனார் சபைக் குரு ஒருவர் அவனை மீட்டார். தோம் அந்தோனியோ என்ற பெயருடன் கிறிஸ்தவனான அவ்விளைஞன், பிராமணர் ஒருவரும் ரோமன் கத்தோலிக்கர் ஒருவரும் நிகழ்த்தும் உரையாடலாக ஒரு நூலை வங்க மொழியில் எழுதினான். அதன் கையெழுத்துப்படி போர்த்துகல் நாட்டின் எவோரா நகரில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. சுரேந்திரநாத் சென் அதனைப் பதிப்பிக்க, கல்கத்தாப் பல்கலைக் கழகம் 1937-இல் வெளியிட்டது. வங்க உரைநடையின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, அடிமைச் சந்தையிலிருந்து மீண்ட ஒருவன் தன் புதிய நம்பிக்கையைத் தாய்மொழியில் விளக்க முயன்றதனால் பிறந்தது.

அவனுக்குப் பின் மானுவல் த அசும்ப்சாவ் என்னும் குரு, டாக்காவுக்கு அருகில் பாவால் பகுதியில் தங்கி, 'கிருபார் சாஸ்த்ரேர் அர்த்தபேத்' என்னும் ஞானோபதேச நூலை இயற்றினார். அந்நூல் 1743-இல் லிஸ்பன் நகரில் அச்சாயிற்று. ஒருபக்கம் வங்க மொழி, எதிர்ப்பக்கம் போர்த்துகீசியம். வங்க எழுத்துக்கு அன்று அச்சில்லை. ஆகவே வங்கச் சொற்கள் ரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டன. அச்சான முதல் வங்க நூல் இதுவே.

தமிழுக்கும் இதுபோன்ற தொடக்கமே. 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ்ச் செபநூலும் ரோமன் எழுத்தில் அமைந்ததுதான். ஆனால் நாம் அந்நிலையில் நெடுநாள் தங்கவில்லை. அண்டிரீக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டுவிட்டார். வங்க எழுத்து அச்சேறியதோ 1778-இல், ஹால்ஹெட் எழுதிய இலக்கணத்தில். அச்சிட்ட ஊர், மேலே சொன்ன அதே ஹூக்ளி. இடைப்பட்ட காலம் சரியாக இருநூறு ஆண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் பரலோக மந்திரமும் அருள் நிறைந்த மந்திரமும் பாட்டியின் வாய்மொழியாகப் பேரனுக்குச் சென்று சேரும் உறுதிக்கு, அவை அவ்வளவு முன்னதாகத் தமிழாக்கப்பட்டு அச்சேறியதும் ஒரு காரணமென நாம் கருதுகிறோம். வங்கக் கத்தோலிக்கருக்கு அந்நற்பேறு அவ்வளவு எளிதில் வாய்க்கவில்லை.

கல்கத்தா நகருக்குள் நிலைமை இன்னும் கடினம். முர்கிஹாட்டா என்னும் கோழிச்சந்தைப் பகுதியில் 1700-இல் செங்கல்லால் ஒரு சிற்றாலயம் எழுந்தது. பிளாசிப் போர் நடந்த 1757-இல் கம்பெனியார் அதனைக் கத்தோலிக்கரிடமிருந்து பறித்துத் தங்கள் வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டனர். 1760-இல்தான் திருப்பிக் கொடுத்தனர். இப்போதுள்ள பேராலயத்துக்கு 1797-இல் அடிக்கல் நாட்டி 1799-இல் அர்ச்சித்தனர். பரெட்டோ என்னும் வணிகச் சகோதரர்களே அதற்குப் பெரும்பொருள் அளித்தோர். பைடக்கானா வியாகுல மாதா ஆலயம் 1809-இல் கிரேஸ் எலிசபெத் என்னும் மாதின் முயற்சியாலும், தர்மதலாவிலுள்ள திரு இருதய ஆலயம் 1834-இல் பாஸ்கோவா பரெட்டோ த சௌசா என்னும் மாதின் கொடையாலும் தோன்றின. இந்நகரின் ஆலய வரலாற்றில் ஆயர்களின் பெயரினும் இத்தகைய குடும்பப் பெண்டிரின் பெயரே நம் மனத்தில் நிற்கிறது.

ஆயர்களோ ஒருவரோடொருவர் வழக்காடிக் கொண்டிருந்தனர். 1834-இல் திருத்தந்தை வங்கத்துக்குத் தனி அதிகாரியை நியமித்தார். போர்த்துகல் மன்னரின் பழைய உரிமையைப் பற்றி நின்ற மயிலாப்பூர்க் குருக்கள் இதனை எளிதில் ஏற்கவில்லை. ஒரே நகரில் இரு அதிகாரம். எவர் செய்துவைத்த திருமணம் செல்லும் என்று மக்கள் மயங்கும் நிலை. 1886-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதற்குப் பின்னும் பைடக்கானா, பாண்டெல் முதலிய சில ஆலயங்கள் மயிலாப்பூரின் கீழேயே நீடித்தன. இறைவனை வணங்க வந்தோரிடையே எழுந்த இவ்வெல்லைத் தகராற்றை விரித்துரைப்பதில் நமக்கு ஆர்வமில்லை.

இதனிடையே கல்விப் பணி தொடங்கிற்று. 1841-ஆம் ஆண்டின் இறுதியில் அயர்லாந்திலிருந்து லொரேட்டோக் கன்னியர் வந்து சேர்ந்து, மறு ஆண்டில் மிடில்டன் ரோவில் பள்ளி திறந்தனர். 1859-இல் பெல்ஜிய யேசு சபையினர் வந்தனர். 1860-இல் புனித சவேரியார் கல்லூரி பிறந்தது. அக்கல்லூரியின் லபோன் அடிகளாரிடம் பௌதிகம் பயின்றவர் ஜகதீச சந்திர போஸ். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தை நிறுவியபோது தோள்கொடுத்து நின்றவரும் லபோனே. பவுபஜார்த் தெருவிலிருந்த அச்சங்கத்தின் கதவை 1907-இல் வந்து தட்டியவர் யார்? மத்திய அரசின் நிதித் துறையில் வேலைபெற்றுக் கல்கத்தாவுக்கு வந்த தமிழ் இளைஞர் சி. வி. ராமன். அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கே உழைத்து, 1928-இல் தம் பெயர்கொண்ட விளைவைக் கண்டறிந்தார். பைடக்கானா ஆலயமும் அதே தெருவில்தான் உள்ளது. ஊர்விட்டு ஊர் வந்த அரசாங்க ஊழியர் என்ற முறையில் ராமனைப் பற்றி நமக்குத் தனிப் பெருமிதம் உண்டு. அதனை நேயர்கள் பொறுத்தருள்க.

இக்கல்வி நிலையங்கள் வளர்ந்தபோது ஆங்கிலமும் உடன் வளர்ந்தது. நகரத்து ஆலயங்களில் மறையுரையும் ஞானோபதேசமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கிலோ-இந்தியருக்கும் போர்த்துகீசிய வழியினருக்கும் அது வீட்டுமொழி. சுந்தரவனத்தை அடுத்த சிற்றூர்களிலிருந்து வேலைதேடி வந்த வங்கக் கத்தோலிக்கருக்கு அது மேட்டுக்குடி மொழி. தன் நாட்டின் தலைநகரிலேயே தன் தாய்மொழியில் செபிக்க அவன் இடம் தேடவேண்டியிருந்தது. இதனை அந்நகரத் திருச்சபையின் குறையென்றே சொல்லவேண்டும்.

அக்குறையை உணர்ந்தவர்களுள் தலைசிறந்தவர் பிரம்மபாந்தவ் உபாத்யாயர். 1891-இல் திருமுழுக்குப் பெற்ற இவ்வங்க அந்தணர் காவியுடுத்துத் துறவியாக வாழ்ந்தார். திரித்துவத்தைச் சச்சிதானந்தம் என்னும் பெயரால் போற்றி வடமொழியில் கீர்த்தனம் இயற்றினார். சபை அதிகாரிகள் அவரை ஐயுற்றனர். ஆங்கில அரசு 1907-இல் இராஜத் துரோகக் குற்றம் சாட்டிற்று. வழக்கு முடியுமுன்பே மருத்துவமனையில் உயிர் நீத்தார். மதுரையில் 1606 முதல் தத்துவ போதகர் பட்ட பாட்டை அறிந்த தமிழருக்கு இக்கதை புதிதன்று. உபாத்யாயர் காட்டிய திசையில் கல்கத்தா யேசு சபையினர் சிலர் பின்னர் நடந்தனர்; தாந்துவா, யோகான்ஸ் ஆகிய அடிகளார் 1922 முதல் ஒரு திங்களிதழ் நடத்தி வேதாந்தத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒருசேர ஆராய்ந்தனர். 1950-இல் குளித்தலைக்கருகே காவிரிக் கரையில் சாந்திவனம் அமைந்தபோது அதற்கு இடப்பட்ட பெயரும் சச்சிதானந்த ஆசிரமமே.

பயிற்சி என்று சொல்லும்போது எண்டாலியைக் கூறாமல் விடலாகாது. அங்கே லொரேட்டோக் கன்னியரின் வளாகத்தில் வங்க மொழியில் கற்பித்த புனித மரியாள் பள்ளி இருந்தது. 1929-இல் கல்கத்தா வந்த தெரசா அம்மையார் பல்லாண்டுகள் ஆசிரியராகப் பணிபுரிந்தது அப்பள்ளியில்தான். மாணவியர் மாதா சங்கம் ஒன்றில் சேர்ந்து, ஜூலியன் ஹென்றி அடிகளாரின் வழிகாட்டலில் செபமும் சிந்தனையும் பழகினர். பின்பு சுற்றியிருந்த சேரிகளுக்கும் நோயாளிகளிடமும் சென்று வந்தனர். அம்மையாரின் ஆன்ம குருவான வான் எக்ஸெம் அடிகளார் தங்கியிருந்தது பைடக்கானாவில். 1948-இல் அம்மையார் மடத்தை விட்டு வெளியேறியபின், கிரீக் சந்தில் மாடியைத் தந்து உதவியது கோமஸ் என்னும் கத்தோலிக்கக் குடும்பம். 1949-இல் முதலில் வந்து சேர்ந்தவர் அவருடைய பழைய மாணவி சுபாசினி தாஸ். 1950-இல் அன்பின் பணியாளர் சபை அங்கீகாரம் பெற்றது. உலகம் அம்மையாரை ஒரு தனிமனித அற்புதமாகப் பார்த்தது. வங்கமொழிப் பள்ளியின் சிறிய செபக்குழு ஒன்று அதற்கு விதைநிலமாயிருந்ததை எழுதியோர் சிலரே.

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழியில் வழிபாட்டுக்கு இடமளித்தது. அதன்பின் நகரத்து ஆலயங்களில் வங்க மொழி முறையாகப் பீடமேறியது. சோட்டாநாகபுரியிலிருந்து வந்த பழங்குடி மக்களுக்காக இந்தியும் ஒலிக்கலாயிற்று. ஜாதவ்பூர்ப் பல்கலைக் கழகத்தில் ஒப்பியல் இலக்கியம் கற்பித்த அந்த்வான் அடிகளாரைப் போன்ற பெல்ஜியர் பலர் வங்க மொழியில் எழுதும் அளவுக்கு அதனைத் தமதாக்கிக் கொண்டிருந்தனர். விவிலியத்தை வங்கமாக்கிய பணியில் மிஞ்ஞோன் அடிகளாரும் சஜல் பந்த்யோபாத்யாயரும் கூட்டாக உழைத்தனர். ஒருவர் அயல்நாட்டார், ஒருவர் தாய்மொழியாளர். மொழிபெயர்ப்புக்கு இதனினும் நல்ல ஏற்பாடு இல்லை என்பது நம் தொழில் அனுபவம்.

இன்று அந்நகரில் ஞாயிறன்று கோவிலுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ வங்கத்திலோ இந்தியிலோ திருப்பலி காண்கிறது. பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பில் கற்பதும் அம்மொழிகளிலேதான். கற்கட்டும், பக்கத்து வீட்டுக் குழந்தையுடன் ஒரே பீடத்தின்முன் ஒரே மொழியில் செபிக்கக் கற்பதில் இழிவில்லை, பயனே உண்டு. ஆனால் மாலைச் செபமாலையைத் தமிழில் சொல்வதை விட்டுவிட்டால், அதனை அப்பிள்ளைக்குக் கற்பிக்க அந்நகரில் வேறு ஆளில்லை. விடுமுறை நாளில் ஹௌராவிலிருந்து ரயிலேறினால் சுமார் ஒருமணி நேரத்தில் பாண்டெல் சேரலாம். கிறிஸ்தவரல்லாத வங்காளிகளும் திரளாக வந்து மெழுகுவத்தி ஏற்றிச் செல்லும் கோவில் அது. குடும்பத்துடன் செல்வோர் பிள்ளைகளுக்கு 1599 என்று பொறித்த அந்தக் கல்லைக் காட்டி, மயிலாப்பூரின் பெயரையும் சொல்லி வரலாம்.