சர்வருக்கு ஒரு பிரவுசர் வாசல்: வெப்மின் முதல் காக்பிட் வரை

லினக்ஸ் சர்வரின் அமைப்புகள் பெரும்பாலும் வெறும் எழுத்துக் கோப்புகள்தான். டி.என்.எஸ். சேவை தரும் பைண்டின் கோப்பில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் போதும், சேவை எழுந்திருக்காது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரிந்தவருக்கே சர்வர் அடங்கும் என்றிருந்த நிலையை மாற்றியவை, பிரவுசரில் இயங்கும் கட்டற்ற கன்ட்ரோல் பேனல்கள்.

இவற்றுள் மூத்த தலைமுறையைச் சேர்ந்தது வெப்மின். ஆஸ்திரேலியரான ஜேமி கேமரூன் பெர்ல் மொழியில் எழுதி 1997 அக்டோபரில் வெளியிட்டார். தனக்கென்று ஒரு சிறு வெப் சர்வரை வைத்துக்கொண்டு 10000-ஆம் போர்ட்டில் இது காத்திருக்கும். அதனால் தளங்களைப் பரிமாறும் அபாச்சி வெப் சர்வர் படுத்துவிட்டாலும் வெப்மின் விழாது. அதற்குள் நுழைந்தே அபாச்சியை எழுப்பலாம்.

இதைவிடப் பெரிய சிறப்பு, கோப்பை மதிக்கும் குணம். அமைப்புகளைத் தனி டேட்டாபேஸில் பூட்டி வைக்காமல், மூலக் கோப்பையே படித்து, மாற்ற வேண்டிய வரியை மட்டும் மாற்றும். கையால் எழுதிய குறிப்புகள் அப்படியே இருக்கும். பின்னாளில் வந்த ஐ.எஸ்.பி.கான்ஃபிக் 3 என்னும் பேனல் வேறு வழியில் போனது: விவரங்களை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் வைத்து, அதிலிருந்து கோப்புகளை எழுதுகிறது. பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து ஆள இது வசதிதான்; ஆனால் கையால் செய்த திருத்தம் அடுத்த முறை அழிந்துபோகலாம்.

ரெட் ஹேட் நிறுவனம் உருவாக்கிய காக்பிட் பேனல், 2014-இல் ஃபெடோரா 21 லினக்ஸின் சர்வர் பதிப்போடு வந்தது. இதற்கெனத் தனிப் பயனர் பட்டியல் கிடையாது. கணினியில் உள்ள பயனர்பெயரும் கடவுச்சொல்லுமே போதும். யாராவது 9090-ஆம் போர்ட்டைத் தட்டினால்தான் விழிக்கும். டெர்மினலில் நிறுத்திய சேவை, காக்பிட் திரையிலும் உடனே நின்றதாகத் தெரியும்.

சர்வரை முழுதாக ஆளும் ரூட் அதிகாரத்தை வெப் பக்கத்தில் வைப்பதன் ஆபத்து 2019 ஆகஸ்டில் வெளிப்பட்டது. வெப்மின் தொகுப்பை உருவாக்கும் சர்வருக்குள் 2018-லேயே யாரோ புகுந்து, கடவுச்சொல் மாற்றும் நிரலில் ஒரு பின்கதவை வைத்திருந்தார்கள். அந்த நிரலுக்கு அனுப்பும் ஒரு விவரத்தில் கட்டளையை எழுதினால் அது அப்படியே ஓடியது. 1.890 பதிப்பில் எந்த அமைப்பையும் மாற்றாமலே இந்தப் பின்கதவு வேலை செய்தது. கோப்பின் தேதியையும் பின்னோக்கி மாற்றியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் இருந்த மூல நிரலோ சுத்தமாகவே இருந்தது. எல்லோரும் படிக்கக்கூடிய நிரலும், மக்கள் இறக்கி நிறுவிய தொகுப்பும் வெவ்வேறாகிவிட்டிருந்தன.

1.930 பதிப்பு அந்தக் கதவை அடைத்தது. கடவுச்சொற்களையும் சாவிகளையும் மாற்றிய குழுவினர், கிட்ஹப்பில் பதிவான நிரலிலிருந்து மட்டுமே தொகுப்புகளை உருவாக்கும்படி தங்கள் முறையைத் திருத்தினர்.