18 அங்குலப் பொம்மைக்கு உயிர் கொடுத்த ஒலி



விடுமுறைக்கு வந்த பேத்தி களிமண்ணில் ஒரு யானை செய்தாள். அதைத் துளித்துளியாக நகர்த்தி, செல்போனில் நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவான குறும்படமாகக் கோத்தாள். நான்கு நாள் வேலை. ஓட்டிப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "யானை நடக்குது தாத்தா. ஆனா பொம்மை நடக்கிற மாதிரிதான் இருக்கு" என்றாள். அப்போது எனக்கு நினைவு வந்தவர் மர்ரே ஸ்பிவாக். இந்தப் பதிவு அவரைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1933 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் 'கிங் காங்' வெளியானது. ராட்சதக் குரங்கு கோபுரக் கட்டடத்தின் உச்சியில் நின்று விமானங்களோடு மோதும் படம். உங்களில் பலர் பிற்காலத்தில் வந்த வண்ணப் பதிப்பைப் பார்த்திருப்பீர்கள். நான் சொல்வது முதலில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். அதில் நடமாடும் காங், பெரும்பாலான காட்சிகளில், சுமார் 18 அங்குலப் பொம்மை. உள்ளே மூட்டுகளோடு உலோக எலும்புக்கூடு, மேலே ரப்பர், அதன் மேல் முயல் தோல். வில்லிஸ் ஓ'பிரையன் என்ற கலைஞரின் குழுவினர் அதைச் சற்றே அசைத்து ஒரு படம், மீண்டும் அசைத்து ஒரு படம் என்று எடுத்தார்கள். நொடிக்கு 24 படங்கள். அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 1,440. விரல் பட்ட இடமெல்லாம் முடி கலைந்ததால், திரையில் காங்கின் ரோமம் எப்போதும் சிலிர்த்துக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நடிகர்களை வைத்து எடுத்தால் மைக்கில் பேச்சும் காலடியும் ஓரளவாவது தானாக விழும். பொம்மைப் படத்தில் அப்படி எதுவும் விழாது. எடுக்கும்போது அந்த அறையில் இருப்பது கேமராவின் சத்தமும் வேலை செய்பவரின் மூச்சும்தான். திரையில் கேட்கும் ஒவ்வொரு ஒலியும் ஒருவர் யோசித்து, உண்டாக்கி, வைத்ததாகவே இருக்க வேண்டும். 1925இல் ஓ'பிரையன் 'தி லாஸ்ட் வேர்ல்ட்' படத்தில் டைனோசர்களை உலவவிட்டபோது அது ஊமைப்படம், அந்தக் கவலை இல்லை. 1933இல் வாய் திறக்கும் எதுவும் சத்தம் போட்டாக வேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்த்தார்கள்.

அந்தப் பொறுப்பு ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் ஒலிப் பிரிவில் இருந்த ஸ்பிவாக்கிடம் வந்தது. முப்பது வயதுகூட நிரம்பாதவர். அடிப்படையில் டிரம் வாசிப்பவர்.

காங்கின் உறுமலுக்குச் சிங்கத்தின் குரலை அப்படியே வைத்தால், இது சிங்கம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். எனவே விலங்குக் காட்சி சாலையில் உணவு வேளையில் சிங்கம், புலி ஆகியவற்றின் உறுமல்களைப் பதிவு செய்தார். அவற்றை மெதுவாக ஓட்டியும், பின்னோக்கி ஓட்டியும், ஒன்றோடொன்று கலந்தும் புதிய குரல் ஒன்றை உருவாக்கினார். மெதுவாக ஓட்டினால் என்ன ஆகும்? பேட்டரி தீர்ந்த டேப் ரெக்கார்டரில் பாடகி ஆண் குரலில் பாடியதை நம் தலைமுறை கேட்டிருக்கிறது. வேகம் பாதியானால் அதிர்வெண்ணும் பாதியாகும், ஒலியின் நீளம் இரண்டு மடங்காகும். தாழ்ந்த, நீண்ட ஒலி என்றால் பெரிய உடம்பு என்று நம் காது முடிவு செய்துவிடும். 18 அங்குலப் பொம்மையைப் பூதமாக்கியதில் பாதி வேலை இந்தக் கணக்கினுடையது. ஒன்பதாம் வகுப்பில் இசைக்கவையைத் தட்டி நான் நடத்திய அதே பாடம்தான்.

அடுத்தது காங் நெஞ்சில் அறையும் ஒலி. மேளத்தைத் தட்டிப் பார்த்தார்கள். அது மேளமாகவே கேட்டது. கடைசியில் ஸ்பிவாக் தன் உதவியாளரை நிற்க வைத்து, முதுகுப் பக்கம் மைக்கை வைத்து, பஞ்சு சுற்றிய டிரம் குச்சியால் அவர் நெஞ்சில் தட்டினார். அதுதான் பொருந்தியது. நாயகியிடம் காங் மென்மையாக முனகும் ஒலி ஸ்பிவாக்கின் சொந்தக் குரல். ஒலிபெருக்கிக் குழலில் முனகி, அதையும் மெதுவாக்கியிருக்கிறார்.

ஒலிகளை உண்டாக்குவது பாதி வேலைதான். அவற்றைக் கலப்பது மீதி. இந்தப் படத்தில் பேச்சு, சத்தங்கள், இசை மூன்றும் தனித்தனி ஒலித்தடங்களாகப் பதிவாகி, பிறகு ஒன்றாக்கப்பட்டன. இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டெய்னர். செலவு ஏறிவிட்டது, பழைய இசையை வைத்து ஒப்பேற்றுங்கள் என்று நிறுவனம் சொன்னபோது, செலவைத் தான் ஏற்பதாகச் சொல்லிப் புதிய இசைக்கு வழி செய்தவர் இயக்குநர்களில் ஒருவரான மெரியன் கூப்பர். அவ்வளவு பெரிய இசையும் அவ்வளவு உறுமலும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டும் கெடும். டிரம்காரர் அல்லவா, எந்தச் சத்தத்துக்கும் ஒரு சுருதி உண்டு என்பது ஸ்பிவாக்குக்குத் தெரியும். தன் ஒலிகளை இசையின் சுருதியோடு இணங்கும்படி ஏற்றி இறக்கினார்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொடக்கப் பெயர்கள் முடிந்த பிறகு நெடுநேரம் பின்னணி இசையே இல்லை. கப்பல் மூடுபனிக்குள் நுழைந்து தீவை நெருங்கும்போதுதான் மெல்ல எழுகிறது. கடைசியில் விமானங்கள் சுடும்போது இசை முழுக்க நின்றுவிடுகிறது. எஞ்சின் இரைச்சலும் துப்பாக்கி ஒலியும் காங்கின் குரலும் மட்டும். அவன் தளர்ந்த பிறகே இசை திரும்புகிறது. அந்த இடத்தில் தொண்டை அடைக்காதவர் குறைவு. முயல் தோல் போர்த்திய ஒரு பொம்மைக்காக நாம் கலங்குகிறோம். அதற்கு நெஞ்சு இருப்பதை நாம் முன்பே காதால் கேட்டிருக்கிறோம் அல்லவா?

இந்தப் படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 'ஹலோ, டாலி!' என்ற 1969ஆம் ஆண்டுப் படத்தின் ஒலிக்காக ஸ்பிவாக் இன்னொருவரோடு அந்த விருதைப் பெற்றார். அதைவிட எனக்குப் பிடித்த செய்தி, அவர் பெரிய டிரம் ஆசிரியராகவும் விளங்கினார் என்பது. லூயி பெல்சன் போன்ற புகழ்பெற்றவர்கள் அவரிடம் கற்றவர்கள். 1994இல், 90 வயதில் மறைந்தார்.

இதை எழுதும்போது மனதில் ஒன்று உறுத்துகிறது. பின்பெஞ்சில் மேசையைத் தட்டித் தாளம் போட்ட ஒருவனை நான் அடிக்கடி வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். மரத்தின் நடுவில் ஓர் ஒலி, ஓரத்தில் வேறொரு ஒலி என்று அவன் கண்டுபிடித்து வைத்திருந்தான். அதையே பாடமாக்கியிருக்கலாம். அன்று எனக்குத் தோன்றவில்லை. தம்பி, நீ இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.

பேத்தியும் நானும் அரிசிச் சாக்கைக் கையால் குத்திப் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாக்கினோம். யானையின் காலடி கிடைத்தது. அவள் மணியோசை, காக்கை, மழை என்று எல்லாவற்றையும் சேர்த்தாள், ஒரே இரைச்சல். பிறகு ஒவ்வொன்றாக அவளே நீக்கினாள். மிஞ்சியது காலடியும், என் மூச்சை மெதுவாக்கிச் செய்த யானை மூச்சும். மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப வெயிட் வந்துடுச்சு தாத்தா" என்றாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படி ஏதாவது செய்தால், கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்